நிரம்பிய தீனிப்பை: காலி செய்வதா, காரணம் தேடுவதா?

அந்தியில் கூட்டில் அடையும் கோழியின் கழுத்தடியில், வலப்பக்கமாகத் தீனிப்பை புடைத்திருப்பது இயல்பு. விடியும்போது அந்தப் புடைப்பு வற்றியிருக்க வேண்டும். விடிந்தும் வற்றாமல், இரை எடுக்காமல், கொண்டை வெளிறி மூலையில் குந்திக்கொண்ட கோழியை என்ன செய்வது என்பது கோழி வளர்ப்பு அளவுக்கே பழைய கேள்வி. எண்ணெய் ஊற்றி நீவிவிடு என்பார் ஒருவர். தலைகீழாகப் பிடித்துக் கக்க வை என்பார் இன்னொருவர். பூஞ்சை மருந்து கொடு, தயிர் கொடு, கீறி எடுத்துத் தைத்துவிடு, வீணாக அலட்டிக்கொள்ளாமல் குழம்பு வை என ஒவ்வொரு பதிலுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

பதில்கள் இத்தனை இருக்கக் காரணம், நோய் ஒன்றல்ல என்பதுதான். தீனிப்பைக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் குறைந்தது மூன்று நிலைகள் அடங்கும். தீனி கெட்டிப்பட்டு நகராமல் நிற்பது அடைப்பு. உள்ளிருப்பது புளித்து, நீர்த்து, நாறுவது புளிப்பு. தசை தளர்ந்து பை தொங்கிப்போவது மூன்றாவது. முதல் நிலை இரண்டாவதாகவும், இரண்டும் நாளடைவில் மூன்றாவதாகவும் மாறலாம். ஒரு வீட்டில் பலித்த வைத்தியம் அடுத்த வீட்டில் கோழியைச் சாகடித்தது என்று கேள்விப்படுவதில் வியப்பில்லை.

2019இல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினங்கள் இருப்பதாகக் காட்டியது. அவற்றில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. ஆனால் கோழி மருத்துவ ஆராய்ச்சி பெரும்பாலும் பண்ணைகளை மனத்தில் வைத்தே நடக்கிறது. பல்லாயிரம் முட்டைக்கோழிகள் உள்ள பண்ணையில் ஒன்றுக்குப் பை அடைத்துக்கொண்டால் அதைக் கழித்துவிடுவார்களே தவிர, அறுவை செய்து காப்பாற்ற மாட்டார்கள். தனிக் கோழிக்கான வைத்தியம் கைப்பழக்கமாகவே வந்து சேர்ந்திருக்கிறது. கீழே வரும் வாதங்களை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

பையின் வேலை

தீனிப்பை உணவுக்குழாயின் ஒரு புடைப்பு. அங்கே செரிமான நீர் சுரப்பதில்லை. சளி சுரந்து தீனியை நனைக்கிறது, அவ்வளவே. அமிலமும் நொதியும் சேர்வது அடுத்துள்ள முன் இரைப்பையில். அரைப்பது அதற்கும் அடுத்த அரைவைப்பை, கோழி விழுங்கிய சிறு கற்களின் துணையோடு. அரைவைப்பை காலியாக இருக்கும்போது விழுங்கிய தீனி, தீனிப்பையில் தங்காமலே கீழே இறங்கிவிடும். அரைவைப்பை நிறைந்திருந்தால்தான் தீனிப்பையில் ஒதுங்கும். ஆகவே பை காலியாகவில்லை என்றால் கோளாறு பையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முட்டையிடும் பெட்டை அந்தி நேரத்தில் நிறையத் தின்னும். இரவில் முட்டை ஓடு உருவாகும்போது வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்கும் இந்தச் சேமிப்பு உதவுகிறது. மாலையில் தடவிப் பார்த்து, பை வீங்கியிருக்கிறதே என்று வைத்தியத்தைத் தொடங்குபவர் பல வேளைகளில் நலமான கோழிக்கே மருந்து புகட்டுகிறார்.

சரியாகப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை, தீனியும் தண்ணீரும் வைப்பதற்கு முன்பு. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஞ்செலும்பின் மேல்முனைக்குச் சற்று மேலே விரல் நுனிகளால் மெல்லத் தொட்டால் போதும். நலமான பை விரலுக்குத் தட்டுப்படாது. அடைத்த பையில் உருண்டை ஒன்று கெட்டியாக நகரும்; அல்லது அழுத்திய இடம் சிறிது நேரம் குழியாகவே நிற்கும், உள்ளே நாரோ வைக்கோலோ நெருடும். புளித்த பை தளதளவென்று நீர் கோத்திருக்கும். அலகைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். தொங்கும் பை நெஞ்சுக்குக் கீழே ஊசலாடும். இந்த மூன்றையும் பிரித்தறிய மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை. பிரித்தறிந்த பிறகும் காரணம் தெரிந்துவிடாது என்பதுதான் சிக்கல்.

அடைப்பை நீக்கு என்போர்

வைத்தியம் குறித்து மூன்று கட்சிகள் உண்டு. அவற்றுள் பழையது இது. பை ஒரு குழாய், குழாய் அடைத்துக்கொண்டது, அடைப்பை எடுத்தால் சரியாகிவிடும் என்பது இந்தக் கட்சியின் அடிப்படை. 1867இல் டெகெட்மையரின் கோழி நூலும் லூயிஸ் ரைட்டின் கைநூலும் இங்கிலாந்தில் வெளிவந்தன. அக்காலக் கைநூல்களின் வழக்கமான அறிவுரை இதுதான்: வெதுவெதுப்பான நீர் அல்லது எண்ணெய் புகட்டிப் பிசைந்துவிடுவது; இளகாவிட்டால் கத்தியால் கீறி, உள்ளிருப்பதை வழித்தெடுத்து, பட்டு நூலாலோ குதிரை மயிராலோ தைப்பது. ஆசியாவிலிருந்து வந்த பெரிய இனக் கோழிகள் கண்காட்சிகளில் பெரும் விலைக்குப் போன காலம் அது. மதிப்புள்ள கோழிக்குத்தான் தையல் போடத் தோன்றும். அதே ஊர்களில் ஏழைக் குடியானவரின் கோழிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அந்த நூல்களில் தேட முடியாது.

இந்தப் பார்வையை எளிதில் தள்ளிவிட முடியாது. நீளமான உலர்புல், வைக்கோல், தென்னை நார், தைக்கும் நூல், நெகிழித் துண்டு இவற்றை விழுங்கிய கோழிக்கு உண்மையிலேயே பொறிமுறை அடைப்பு ஏற்படுகிறது. அடைகாத்து முடித்து இறங்கிய கோழி, பசி வேகத்தில் உலர்தானியத்தை வயிறுமுட்டத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாலும் பை உப்பிக் கட்டிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரும் மென்மையான நீவலும் பட்டினியும் இப்படிப்பட்ட கோழிக்கு உதவுவது இயல்பே.

பலவீனம் துணைமருந்துகளில் தெரிகிறது. எண்ணெய் வழுக்கலைத் தருமே ஒழிய நாரைக் கரைக்காது. விளக்கெண்ணெய் மீது நம் ஊரில் உள்ள நம்பிக்கை, மனிதரின் மலச்சிக்கலிலிருந்து வந்தது. அது வேலை செய்வது சிறுகுடலில், அங்குள்ள நொதி அதைப் பிரித்த பிறகு. கழுத்தடியிலேயே வழி அடைத்திருக்கும்போது அது குடலைச் சென்றடைவது எப்படி? பப்பாளியும் அன்னாசியும் இதே வகை. அவற்றின் நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை. புல்லின் நார்ப்பொருளை அவை தொடுவதில்லை. எண்ணெய் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும் என்பது தனி ஆபத்து.

தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பதுதான் இந்தக் கட்சிக்குள்ளேயே சூடான தகராறு. கோழிக்கு மூச்சுக்குழாயின் வாயை மூடும் குரல்வளை மூடி கிடையாது. நாக்கின் அடியிலேயே மூச்சுத்துளை திறந்து கிடக்கிறது. பையில் உள்ள நீர் வாய் வழியே கொட்டும்போது அதில் கொஞ்சம் உள்ளே இழுக்கப்பட்டால், காலையில் பிழைத்த கோழி மாலையில் மூச்சுத் திணறிச் சாகும். நீர் மிகுந்து அதுவே மூச்சை முட்டும் நிலையில், கழுத்தைச் சாய்த்துச் சில நொடி மட்டும் செய்வதை ஒப்புக்கொள்ளும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் உணவுக்குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சுவதையே விரும்புகிறார்கள். கெட்டிப்பட்ட பையைத் தலைகீழாக்குவதில் எந்தப் பயனும் இல்லை என்பதில் ஏறக்குறைய எல்லோரும் உடன்படுகிறார்கள். ஆனாலும் வளர்ப்பவர் முதலில் கைவைப்பது இதில்தான்.

அறுவை இன்றும் நிற்கிறது, முறை மட்டும் மாறியிருக்கிறது. மரப்பு மருந்து கொடுத்து, இறகு நீக்கித் தோலைக் கீறி, பைச்சுவரில் இரத்தக்குழாய் குறைந்த இடம் பார்த்துத் திறந்து, உள்ளடக்கத்தை எடுத்துக் கழுவி, பைச்சுவரையும் தோலையும் தனித்தனி அடுக்காகத் தைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தையலாகப் போடுவது பழைய வீட்டு வைத்தியத்தின் பெரிய பிழை. பை அசையும்போது தையல் இழுபட்டு, தீனி கசிந்து, காயம் சீழ் வைக்கும். பிரிட்டனில் 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம் இத்தகைய அறுவையை மருத்துவருக்கு மட்டுமே அனுமதிக்கிறது. சட்டத்தை விடுங்கள், சவர பிளேடால் மரப்பு மருந்தின்றி அறுப்பது கோழிக்குக் கொடுமை என்பதைச் சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை.

பூஞ்சைதான் காரணம் என்போர்

1930களில் கலிபோர்னியாவில் கோழிகளையும் வான்கோழிகளையும் அறுத்துப் பார்த்தவர்கள், தீனிப்பையின் உள்சுவர் தடித்து வெள்ளைப் படலம் பூத்திருப்பதை விவரித்தார்கள். துருக்கித் துண்டைப் போலச் சொரசொரப்பாக இருக்கும் என்பது அன்றிலிருந்து பாடநூல்கள் விடாமல் சொல்லிவரும் உவமை. கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை கைகாட்டப்பட்டது. அதன்பின் புளித்த பை என்றாலே பூஞ்சை என்ற சமன்பாடு உருவானது.

1950இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் நிஸ்டாட்டினைக் கண்டறிந்தபோது இந்தப் பார்வைக்கு நல்ல கருவி கிடைத்தது. அந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதில்லை. பூஞ்சையைத் தொடும் இடத்தில் மட்டும் கொல்லும். ஆகவே பை நிறையப் பழைய தீனி இருக்கும்போது கொடுத்தால் மருந்து சுவரைத் தொடாமல் தீனியோடு கலந்துபோகும். முதலில் காலி செய், பிறகு மருந்து கொடு என்று இரு கட்சிகளும் கைகோக்கும் இடம் இது.

நிஸ்டாட்டினுக்கு முன்பிருந்தே புழங்கிய மயில்துத்தம் வேறு கதை. குடிநீரில் 2000இல் ஒரு பங்கு கலப்பது நெடுநாள் வழக்கம். 1950களின் நடுவில் அமெரிக்காவில், வேண்டுமென்றே பூஞ்சை ஏற்றிய பறவைகளில் சோதித்துப் பார்த்தபோது அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அளவு மீறினால் நஞ்சு என்பதால், சொட்டுக் கணக்கில் கலக்கும் வீட்டுக்காரர் இதைத் தவிர்ப்பது நல்லது.

வினிகரும் தயிரும் மென்மையான மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. வினிகருக்கான வாதம், அமிலம் பூஞ்சையைக் கொல்லும் என்பது. கேண்டிடாவோ புளிப்பையும் காரத்தையும் பரந்த எல்லையில் தாங்கி வளர்வது. குடிநீரில் சில துளி வினிகர் அதை என்ன செய்துவிடும் என்று கேட்க நியாயம் இருக்கிறது. தயிருக்கான வாதம் இதைவிடச் சுவையானது. நலமான தீனிப்பையின் சுவரில் லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்கள் அடர்ந்து ஒட்டியிருந்து, உள்ளிருப்பதைச் சற்றுப் புளிப்பாக வைத்துப் பிற கிருமிகளைத் தடுக்கின்றன. அப்படியானால் தயிர் நல்லதுதானே? பிரிட்டனில் ராய் ஃபுல்லர் 1970களில் செய்த ஆய்வுகள் இங்கே குறுக்கே வருகின்றன. கோழியிலிருந்து பிரித்த நுண்ணுயிர்கள் கோழியின் பைச்சுவரில் ஒட்டின. பாலூட்டிகளிலிருந்து எடுத்தவை அப்படி ஒட்டவில்லை. தயிரின் நுண்ணுயிர்கள் பையில் குடியேறும் என்று எதிர்பார்ப்பதற்கு இது இடம் தரவில்லை. போகிறபோக்கில் ஏதாவது நன்மை செய்யுமா என்பது வேறு. ஒரு கரண்டித் தயிரால் கெடுதல் பெரிதாக இல்லை. பால் கொடுப்பது மட்டும் வேண்டாம், அதன் சர்க்கரையைச் செரிக்கும் திறன் கோழிக்கு இல்லை.

இந்தக் கட்சியின் அடிப்படைப் பலவீனம் வேறோரிடத்தில். கேண்டிடா நலமான கோழியின் பையிலும் சிறிதளவு இருப்பது. எந்தக் காரணத்தால் தீனி தேங்கினாலும் அது புளிக்கும், நாறும், பூஞ்சை பெருகும். வாடையை வைத்துப் பூஞ்சை நோய் என்று தீர்ப்புச் சொல்வது விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்வது. பூஞ்சை சுவருக்குள் ஊடுருவியிருப்பதை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி. இன்னொன்று: ஏதோ ஒரு நோய்க்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்து முடித்த பிறகு இந்தப் பூஞ்சை தலைதூக்குவது நன்கறிந்த நிகழ்வு. கோழி சோர்ந்தாலே மருந்துக்கடையில் ஒரு பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருப்பதால் இது நமக்கு நேரடியாகப் பொருந்தும்.

பை ஓர் அறிகுறி என்போர்

மூன்றாவது கட்சி, பையை விட்டுவிட்டுக் கோழியைப் பார் என்கிறது. தீனிப்பையின் அசைவு வேகஸ் நரம்பைச் சார்ந்தது. அந்த நரம்பைத் தாக்கும் நோயால் பை செயலற்றுப் போகும். 1907இல் புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் சேவல்களில் விவரித்த நரம்பழற்சி, இன்று மாரெக் நோய் என்று அறியப்படும் வைரஸ் நோய், இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. ஈய நஞ்சும் இதையே செய்யும்; உரிந்த பெயிண்டும் பழைய பேட்டரிக் கழிவும் கிடக்கும் புறக்கடைகள் நம்மிடம் குறைவில்லை. வயிற்றுக்குள் முட்டை சிக்கினாலும், கருப்பையில் கட்டி வந்தாலும், அரைவைப்பை அடைத்தாலும், தீனிப்பைச் சுவரில் மயிரிழைப் புழுக்கள் துளைத்தாலும், வெளியே தெரிவது வற்றாத பைதான்.

2007 முதல் 2011 வரை வட கலிபோர்னியாவில் ஆய்வகத்துக்கு வந்த புறக்கடைக் கோழிகளின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வு, கட்டி சார்ந்த நோய்களையே இறப்பின் முதன்மைக் காரணமாகக் காட்டியது; அவற்றுள் மாரெக் நோய் முன்னணியில் இருந்தது. ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட கோழிகள் எல்லாக் கோழிகளுக்கும் மாதிரி ஆகா. ஆனாலும் பல வாரம் பைக்கு வைத்தியம் பார்த்துச் செத்த கோழிகளில் எத்தனைக்குப் பையே நோயாக இருந்திருக்கும் என்ற ஐயத்தை அது எழுப்புகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. 1920களின் பிற்பாதியில் குமாவுன் மலையின் ராணிக்கேத்தில் பதிவாகி அந்த ஊர்ப் பெயரையே பெற்ற நோயை இங்கே வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். அதிலும் கோழியின் பையில் நீர் கோக்கும். தலை தாழ்ந்தால் வாயிலிருந்து வழுவழுப்பான நீர் ஒழுகும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து முறுக்கல், இவற்றுக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாக அடுத்தடுத்த கோழிகள் படுப்பது, இவை இருந்தால் அது பைக் கோளாறு அல்ல. அந்த நிலையில் தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பவர் கிருமியை முற்றம் முழுக்கத் தெளிக்கிறார். அதற்கு வழி தடுப்பூசி மட்டுமே. நோய் வந்த பிறகு எண்ணெயும் தயிரும் எட்டாது.

இந்தக் கட்சியின் குறை நடைமுறையில் இருக்கிறது. காரணத்தைத் தேட எக்ஸ்ரேயும் ஆய்வகமும் கோழியை அறிந்த மருத்துவரும் வேண்டும். கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே ஒற்றைக் கோழிக்கு அவை கிடைப்பது அரிது. காரணம் தெரியும்வரை கோழி பட்டினி கிடக்க முடியாது. பல வேளைகளில் காரணம் தெரிவது அறுத்துப் பார்க்கும்போதுதான்.

தொங்கும் பை

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1930களில் கலிபோர்னியாவின் ஹின்ஷாவும் அஸ்முண்ட்சனும் வான்கோழிகளில் இதற்குப் பரம்பரைச் சார்பு உண்டென்று காட்டினார்கள். வெயில் காலத்தில் மிதமிஞ்சித் தண்ணீர் குடிப்பதும் சேர்ந்துகொள்கிறது. ஒருமுறை தளர்ந்த தசை மீள்வதை எதிர்பார்க்க முடியாது. மேலைநாடுகளில் நெஞ்சைத் தாங்கும் துணிக் கச்சைகளைக் கட்டிவிடுகிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும், சிறுசிறு வேளைகளாக நனைந்த தீனியோடு சேரும்போது சில கோழிகள் அதனால் காலந்தள்ளுகின்றன. அப்படிப்பட்ட கோழியின் முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்காமலிருப்பது மட்டும் தெளிவான அறிவுரை.

முற்றத்து வைத்தியமும் தீனியும்

சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி என்று அரைத்து உருட்டிக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் மரபுசார் மூலிகை மருத்துவத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இவ்வகை உருண்டைகளுக்குப் பசியைத் தூண்டும் தன்மை இருக்கலாம். அடைத்த பைக்கு இன்னொரு உருண்டையைத் திணிப்பது சரியா என்பது அதற்கு முந்தைய கேள்வி. வெங்காய இனம் மிகுந்தால் பறவைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

தடுப்பு குறித்துக் கருத்து மோதல் குறைவு. மேயும் கோழி தனக்கு வேண்டிய கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். மாடியில் கூண்டில் வளரும் கோழிக்கு நாம்தான் பருமணல் வைக்க வேண்டும். கல் வேலை செய்வது அரைவைப்பையில் என்றாலும், அங்கே தேங்கினால் மேலே பையும் தேங்கும். அறுத்த புல்லை நீளமாகப் போடாமல் பொடியாக நறுக்குவது, பரோட்டா, பிரெட் மிச்சங்களைக் கொட்டாமலிருப்பது, தண்ணீரை வற்றவிடாமலிருப்பது, கோணி நூலையும் ரப்பர் வளையத்தையும் பெருக்கி அள்ளுவது, இவற்றை எந்தக் கட்சியும் மறுக்கவில்லை.

எது தெளிவு, எது திறந்திருக்கிறது

பெரும்பாலான வைத்தியங்களுக்கு நற்பெயர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தால் ஓர் ஐயம் எழுகிறது. பாதி அடைத்த பை, பட்டினியும் தண்ணீரும் மட்டும் கிடைத்தாலே ஓரிரவில் தானாக இறங்கிவிடக்கூடும். அன்றிரவு எண்ணெய் கொடுத்தவர் எண்ணெயைப் புகழ்வார், தயிர் கொடுத்தவர் தயிரை. ஒன்றும் கொடுக்காத கோழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். அத்தகைய ஒப்பீட்டுக்குப் பணம் போட யாருக்கும் வணிக நோக்கம் இல்லை.

இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் மூன்றாவது கட்சியின் கேள்வியை முதலில் கேட்டு, முதல் கட்சியின் கையை அளவோடு பயன்படுத்துவதே நியாயமாகப் படுகிறது. பல கோழிகள் ஒன்றாகப் படுத்தனவா என்று பார்ப்பது, ஒரு நாளுக்கு மேல் நீளாத பட்டினி, குடிக்கத் தண்ணீர், மென்மையான நீவல், இரண்டாம் விடியலிலும் வற்றாவிட்டால் மருத்துவர். பூஞ்சை மருந்து அதற்கான அடையாளம் கண்ட பிறகு. குழம்பு வைப்போரின் கட்சியையும் இகழ்வதற்கில்லை. வேதனையில் உழலும் கோழியை விரைந்து முடிப்பது சிலவேளை இரக்கமே. ஆனால் நோய் இன்னதென்று தெரியாத கோழியையும், மருந்து புகட்டிய கோழியையும் சட்டியில் போடுவது வேறு விஷயம்.

தீராத கேள்விகள் பல. அறுவைக்குப் பின் எத்தனை கோழிகளுக்கு அடைப்பு திரும்ப வருகிறது, எந்த இனங்களுக்குச் சார்பு அதிகம், கோழியிலிருந்தே பிரித்த நுண்ணுயிர்களைக் கொடுத்தால் புளித்த பை மீளுமா என்பவை தனிக் கோழியைக் குறித்து இன்னும் முறையாகச் சோதிக்கப்பட வேண்டியவை. அன்றாடம் அடுப்படியை எட்டும் கேள்வி இன்னொன்றும் உண்டு. மனிதருக்கென்று விற்கும் மாத்திரையைப் பொடித்துக் கோழிக்குக் கொடுக்கும் வீட்டில், அந்தக் கோழியின் முட்டையை எத்தனை நாள் ஒதுக்கி வைப்பது? முட்டையிடும் கோழிக்கென்று அனுமதி பெறாத மருந்துகளின் உறையில் அதற்கான நாள் கணக்கு அச்சாகியிருக்காது. மருந்தை எழுதிக் கொடுப்பவரிடம் அதைக் கேட்டு வாங்குவதும் இங்கே இன்னும் வழக்கமாகவில்லை.